உழைச்செல்வான் அறம்

எழுந்து நடமாட இயலாத ஒருவரின் உடம்பைத் துடைத்துவிடுவது, வாயைச் சுத்தம் செய்வது, மலசலம் கழிக்கத் துணைநிற்பது, ஒரே பக்கமாகக் கிடந்து தோல் கன்றிப்போகாமல் புரட்டிப் படுக்கவைப்பது, விழுங்கும் வேகமறிந்து கஞ்சியை ஊட்டுவது, காய்ச்சலையும் நாடியையும் மூச்சையும் வேளைதோறும் பார்த்து எழுதிவைப்பது ஆகியவற்றையே செவிலியர் பாடநூல்கள் அடிப்படைப் பராமரிப்பு என்ற பெயரில் தொகுத்துத் தருகின்றன. மருத்துவத்தின் பிற பகுதிகள் கடந்த நூறாண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிவிட்டபோதிலும் இந்தப் பணிகள் ஏறத்தாழ இருந்தபடியே இருக்கின்றன. பழைய சமய நூல்களைத் திறந்தாலும் இதே தண்ணீர்ப் பாத்திரமும் இதே அழுக்குத் துணியும் அங்கே காத்திருக்கின்றன. நோயாளியைப் பேணுவது பேரறம் என்பதில் சமயங்களுக்கிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த அறத்தின் மதிப்பு செய்பவரின் உள்ளத்தில் இருக்கிறதா, செய்யப்படும் செயலின் செம்மையில் இருக்கிறதா என்று கேட்கும்போதுதான் வேறுபாடு தொடங்குகிறது. அதை ஒட்டியே இன்னொரு கேள்வியும் எழுகிறது: அந்தப் பணி நோயாளியை நோக்கிச் செய்யப்படுகிறதா, நோயாளி வழியாக இறைவனை நோக்கிச் செய்யப்படுகிறதா, அல்லது செய்பவருக்கு வந்துசேரவிருக்கும் புண்ணியத்தை நோக்கியா?

இந்தியச் சூழலில் இக்கேள்விகளுக்கு முன்பாகவே ஒரு தடை நிற்கிறது. உடலிலிருந்து வெளியேறுபவை யாவும் தூய்மையற்றவை என்பது தரும சாத்திரங்களின் துணிபு. மனுஸ்மிருதியின் ஐந்தாம் அத்தியாயம் மனித உடலின் மலங்கள் பன்னிரண்டு என எண்ணி, கண்ணீரையும் வியர்வையையும்கூட அந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. படுக்கையில் கிடக்கும் நோயாளி ஒருவரை ஒரு நாள் முழுவதும் கவனித்துக்கொள்பவர் இந்தப் பன்னிரண்டில் பெரும்பாலானவற்றைத் தொட்டே ஆகவேண்டும் என்பதால், பேரறம் என்று போற்றப்படும் அதே பணி தீட்டுக்குரிய பணியாகவும் ஆகிவிடுகிறது. இந்த முரண்பாட்டைச் சமூகம் தீர்க்கவில்லை. வேலையைப் பங்கிட்டுக் கொடுத்து அதைக் கண்ணில் படாமல் ஆக்கியது. இன்றைய மருத்துவமனை வார்டில் அந்தப் பங்கீட்டை அப்படியே காணலாம். ஊசி போடுவதும் மருந்து தருவதும் சார்ட் எழுதுவதும் சிஸ்டரின் வேலை. பெட்பேன் வைத்து எடுப்பதும் நனைந்துபோன டிரா ஷீட்டை மாற்றுவதும் ஆயாவின் வேலை. ஊட்டுவதும் துடைத்துவிடுவதும் ‘அட்டெண்டர்’ என்று அழைக்கப்படும் உறவினரின் வேலை. பாடநூலில் ஒரே அத்தியாயமாக இருப்பது வார்டில் மூன்று பேருக்கு மூன்று மதிப்பில் பிரிந்துபோகிறது. நோயாளியின் உடலை முழுவதுமாகப் பார்த்தவர் எவரும் இல்லை என்ற நிலை அதன் விளைவு. முதுகின் அடிப்பகுதியில் தோல் சிவந்திருப்பதை ஆயா காண்கிறார். அதன் பொருளை அறிந்த செவிலி அதைக் காண்பதில்லை.

பாலி மொழியில் உள்ள பௌத்தத் துறவொழுக்க நூலான விநய பிடகத்தின் மகாவக்கம் என்ற பகுதி இந்தப் பங்கீட்டை உடைக்கும் நிகழ்ச்சி ஒன்றைப் பதிவு செய்திருக்கிறது. வயிற்றுப்போக்கால் வலுவிழந்த பிக்கு ஒருவர் தம்முடைய மலசலத்திலேயே விழுந்து கிடக்கிறார். தம் சீடர் ஆனந்தரோடு இருப்பிடங்களைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வரும் புத்தர் அவரிடம் என்ன நோய் என்று கேட்கிறார். கவனித்துக்கொள்ள ஆள் இருக்கிறாரா என்று கேட்கிறார். இல்லை என்ற விடை வந்ததும், ஏன் இல்லை என்று கேட்கிறார். தாம் பிற பிக்குகளுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால் அவர்கள் தம்மைக் கவனிப்பதில்லை என்பது அந்தப் பிக்குவின் விடை. புத்தர் ஆனந்தரைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார். ஒருவர் ஊற்ற, மற்றவர் கழுவுகிறார். புத்தர் தலைப்பக்கமும் ஆனந்தர் கால்பக்கமும் பிடித்துத் தூக்கி அவரைக் கட்டிலில் கிடத்துகிறார்கள். (ஊற்றியவர் குரு, கழுவியவர் சீடர், தலைப்பக்கம் குருவுக்கு, கால்பக்கம் சீடருக்கு என்ற ஒழுங்கு அங்கும் தப்பிப் பிழைத்திருப்பதைக் கூரிய கண்கள் கவனிக்கும்.) சங்கத்தைக் கூட்டியதும் பேச்சும் விதியும் எல்லாம் அதற்குப் பிறகுதான் வருகின்றன. முதலில் உடல் கழுவப்பட்டது.

இந்த நிகழ்ச்சியில் உரைகாரர்களும் பக்தர்களும் பெரும்பாலும் புத்தரின் கருணையையே எடுத்துப் பேசுவது வழக்கம். ஆனால் மெய்யியல் நோக்கில் அதிகம் உறுத்துவது நோயாளியின் விடையே. தாம் கைவிடப்பட்டதில் அவருக்கு முறையீடு எதுவும் இல்லை. கொடுக்காதவருக்குக் கிடைக்காது என்ற கணக்கை அவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார். ‘யாருக்கும் பாரமாக இருந்துவிடக் கூடாது’ என்று முதியோர் பலர் சொல்லும்போது அவர்களும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்: கவனிப்பு என்பது முன்பு செய்ததற்கான ஈடு, செய்ய இயலாதவர் கடனாளி. புத்தர் அவருக்கு ஆறுதல் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளாமல் இந்தக் கணக்கையே மறுக்கிறார். துறவு பூண்டவர்களுக்குக் கவனித்துக்கொள்ளத் தாயும் இல்லை, தந்தையும் இல்லை. ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் கவனிப்பார் என்பது அவருடைய வாதம். தாயும் தந்தையும் குழந்தையிடம் ஈடு கேட்டா கவனித்தார்கள் என்ற வினா அதற்குள் அடங்கியிருக்கிறது. அமெரிக்க மெய்யியலாளர் ஈவா கிட்டே 1999இல் எழுதிய நூலில், கடுமையான அறிவுத்திறன் குறைபாடு உள்ள தம் மகளை வளர்த்த அனுபவத்திலிருந்து, மனிதர் அனைவரும் எவரோ ஒரு தாயின் பிள்ளைகள் என்ற உண்மையிலிருந்தே சமத்துவத்தைக் கட்ட முடியும் என்று வாதிட்டார். ஒப்பந்தமும் கைம்மாறும் தெரியாதவர்களுக்கும் பொருந்தும் நீதி அவ்வாறே கிடைக்கும் என்பது அவர் கருத்து. இரண்டு வாதங்களும் கவனிப்பின் வேரைக் கொடுக்கல் வாங்கலிலிருந்து பிரித்து, சார்ந்திருத்தல் என்ற மனித நிலையில் ஊன்றுகின்றன.

அதே வேளையில் விநயம் இதை ஒரு மனநிலையாக விட்டுவைக்கவில்லை. குருவுக்கு நோய் என்றால் சீடர், சீடருக்கு நோய் என்றால் குரு, நலமடையும்வரை கவனிக்க வேண்டும். அப்படி யாரும் இல்லாதவரைச் சங்கமே கவனிக்க வேண்டும். தவறினால் அது துக்கடம் என்ற குற்றம், அதாவது தீச்செயல் என்ற வகையில் அடங்கும் ஒழுக்கக் குற்றம். கருணை எழுந்தால் செய்யலாம் என்று இல்லாமல், எழாவிட்டாலும் செய்தாக வேண்டிய கடமையாக அது நிறுவனத்தின் தலையில் வைக்கப்படுகிறது.

இதைத் தொடர்ந்து வரும் பட்டியல்தான் கட்டுரைப் பொருளுக்கு நேரடியாக உரியது. நோயாளியைக் கவனிக்கத் தகுதியுள்ளவருக்கு ஐந்து பண்புகள் கூறப்படுகின்றன: அவர் மருந்தை ஆயத்தம் செய்யத் தெரிந்தவர், நோய்க்கு ஏற்றது எது, ஏலாதது எது என்று அறிந்து ஏலாததை விலக்கி ஏற்றதைக் கொண்டுவருபவர், ஆதாயம் கருதாமல் அன்பு கருதிக் கவனிப்பவர், மலம், சிறுநீர், சளி, வாந்தி ஆகியவற்றை அகற்ற அருவருக்காதவர், அவ்வப்போது அறவுரையால் நோயாளியை மகிழ்விக்க வல்லவர். அன்பு மூன்றாம் இடத்தில் இருக்கிறது. முதல் இரண்டும் அறிவும் திறனும். ஆயுர்வேதத்தின் மூலநூல்களில் ஒன்றான சரக சம்ஹிதை மருத்துவத்துக்கு நான்கு கால்கள் என்று கூறி, மருத்துவர், மருந்து, நோயாளி ஆகியோரோடு பணிவிடை செய்பவரையும் ஒரு காலாக வைத்து, பணிவிடை முறையறிதல், கைத்திறன், அன்பு, தூய்மை ஆகிய நான்கையும் அவருக்கு உரியனவாக்குகிறது. அங்கும் அன்பு மூன்றாவது. திருக்குறளின் 95ஆம் அதிகாரமான ‘மருந்து’ தன் இறுதிக் குறளில் இதே நான்கு உறுப்புகளைச் சொல்லும்போது, நோயாளியின் அருகிலிருந்து மருந்து கொடுத்துப் பேணுபவரை ‘உழைச்செல்வான்’ என்ற பெயரால் குறிக்கிறது. அவருக்குரிய நான்கு பண்புகளை விரிக்கும் பரிமேலழகர் அன்பை முதலில் வைத்து, மனம் மொழி மெய்களின் தூய்மை, சொன்னதைச் சொன்னவாறே செய்யும் ஆற்றல், அறிவு ஆகியவற்றை அதன்பின் அடுக்குகிறார். வரிசை மாறினாலும் அன்பை மட்டும் போதுமானதாக எந்த நூலும் கொள்ளவில்லை என்பது கருதத்தக்கது.

அன்பு ஏன் போதாது என்பதைப் படுக்கையருகே சென்று பார்த்தால்தான் விளங்கும். மல்லாந்து கிடப்பவரின் உடல் எடை திருவெலும்பு, குதிகால், தோள்பட்டை எலும்பு ஆகிய சில இடங்களில் குவிந்து, அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்களை நசுக்குகிறது. அந்த அழுத்தம் சில மணி நேரம் நீடித்தாலே திசு இறக்கத் தொடங்கி, வெளியே சிறு சிவப்பாகத் தெரிவது உள்ளே பெரும் புண்ணாகப் பரவியிருக்கக்கூடும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுக்கும்போது வெளுத்துப் பின் சிவந்தால் தோல் இன்னும் தப்பிக்க வழியுண்டு. வெளுக்காமல் அப்படியே சிவந்திருந்தால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது என்பது பொருள். கருநிறத் தோலில் இந்தச் சிவப்பு எளிதில் தெரியாது என்பதால் அங்கே சூட்டையும் கடினத்தையும் வலியையும் தொட்டறிய வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுவது பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி; மெத்தையையும் தோலின் நிலையையும் பொறுத்து அது கூடும், குறையும். மாற்றும்போது இழுக்கக் கூடாது, தூக்க வேண்டும். இழுத்தால் தோல் விரிப்பில் ஒட்டிக்கொள்ள, உள்ளேயுள்ள சதை மட்டும் நகர்ந்து கிழியும். தாயிடம் உயிரையே வைத்திருக்கும் மகன் நாள் முழுவதும் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும், அவரைப் புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வந்தே தீரும். ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் 1859இல் எழுதிய சிறுநூலில் படுக்கைப்புண்ணை நோயின் குற்றமாகக் கருதாமல் பெரும்பாலும் பராமரிப்பின் குற்றமாகக் கருதச் சொன்னது இதனால்தான். அது கடுமையான தீர்ப்பு. எல்லாப் புண்களையும் தடுக்க முடியாது என்பதை இன்றைய மருத்துவம் ஏற்கிறது. ஆயினும் குற்றத்தை விதியின் மேலோ நோயின் மேலோ ஏற்றிவிட்டுக் கை கழுவும் வழியை அடைத்ததில் அத்தீர்ப்பின் அறப்பயன் இருக்கிறது.

ஊட்டுவதும் அவ்வாறே. நோயாளியின் முதுகை நிமிர்த்தி உட்காரவைத்து, மோவாயைச் சற்றே தாழ்த்தச் செய்து, ஒரு வாய் இறங்கியதைத் தொண்டையின் அசைவால் அறிந்த பின்னரே அடுத்த கரண்டியை நீட்ட வேண்டும். ஊட்டி முடித்த பிறகும் அரைமணி நேரமாவது சாய்த்துவிடக் கூடாது. படுத்தபடி இருப்பவரின் வாயில் பரிவோடு ஊற்றப்படும் கஞ்சி நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக மாறக்கூடும். உயிர் பிரியும் வேளையில் உறவினர் ஒவ்வொருவராகப் பால் ஊற்றும் தமிழ் வழக்கம் இங்கே ஒரு கூர்மையான சிக்கலை உண்டாக்குகிறது. விழுங்கும் ஆற்றல் போய்விட்டவரின் வாயில் ஊற்றப்படும் பால் தொண்டையில் தேங்கி மூச்சைத் திணறச் செய்யும் என்று அறிந்த செவிலி அதைத் தடுத்தால் உறவின் கடைசிக் கடமையைத் தடுத்தவராகிறார். தடுக்காவிட்டால் தம் கடமையில் தவறியவராகிறார். அனுபவமுள்ளவர்கள் பஞ்சைப் பாலில் தோய்த்துப் பிழிந்து உறவினரின் கையில் கொடுத்து உதட்டை மட்டும் நனைக்கச் சொல்வார்கள். சடங்கு நிறைவேறுகிறது, மூச்சும் தடைபடுவதில்லை. அறநூல்கள் பக்கம் பக்கமாக விவாதிக்கும் கடமை முரண் ஒன்று ஒரு துண்டுப் பஞ்சில் தீர்ந்துவிடுகிறது. இப்படித் தீர்க்கும் அறிவைத்தான் சரகர் முறையறிதல் என்றார் போலும்.

ஐந்து பண்புகளில் நான்காவதான அருவருப்பின்மை தனியாக நின்று பேச வேண்டிய ஒன்று. பௌத்தத் துறவிகள் உடலைத் தலைமுடி, நகம், பல், தோல் தொடங்கிச் சிறுநீர்வரை 32 கூறுகளாகப் பிரித்து, அதன் அசுத்தத்தை எண்ணிப் பார்க்கும் தியானத்தில் பயிற்றப்படுகிறார்கள். உடல் அருவருக்கத்தக்கது என்று நாள்தோறும் சிந்திப்பவரிடமே நோயாளியின் உடல்கழிவை அருவருக்கக் கூடாது என்று விதிப்பது முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்தத் தியானம் தன் உடலிலும் பிறர் உடலிலும் மனம் மயங்கிப் பற்றுக்கொள்வதைத் தளர்த்த வந்தது; பற்று நீங்கியவருக்கு வெறுப்பும் நீங்க வேண்டும் என்பதே அதன் முடிபு. எல்லா உடல்களும் ஒரே பொருளால் ஆனவை என்று கண்டவருக்கு நோயாளியின் மலம் தனிப்பட்ட தீட்டாக இருக்க முடியாது. மனுஸ்மிருதியும் பௌத்தத் தியானமும் ஏறக்குறைய ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு நேரெதிரான இடங்களுக்குப் போய்ச் சேர்வது இந்தியச் சிந்தனை வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. செவிலியர் கல்வி இதே இடத்துக்கு வேறு வழியில் வருகிறது. அங்கே மலம் என்பது செய்தி: அதன் நிறம், அளவு, இறுக்கம், அதில் இரத்தம் கலந்திருக்கிறதா என்பவை குறித்துக்கொள்ளப்பட வேண்டியவை, கருத்துத் தார்போல் இருந்தால் குடலின் மேற்பகுதியில் இரத்தம் கசிகிறது என்ற ஐயம் எழ வேண்டும். கூர்ந்து பார்க்கக் கற்றவரிடம் அருவருப்புக்கு இடம் குறைகிறது. அருவருப்பே எழாத மனிதர் இல்லை. முகத்தில் அது தெரிந்தால் நோயாளி குறுகிப்போவார் என்பதற்காகவே முதலாண்டு மாணவிக்கு முகத்தை இயல்பாக வைத்துக்கொள்ளக் கற்றுத்தருகிறார்கள். இதை நடிப்பு என்று தள்ளிவிட முடியாது.

இனி, யாருக்காக என்ற கேள்வி. மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில், இறுதித் தீர்ப்பு நாளில் அரசராக வீற்றிருக்கும் கிறிஸ்து, நோயுற்றோருக்குச் செய்தது தமக்கே செய்தது என்கிறார். சஹீஹ் முஸ்லிம் தொகுப்பில் உள்ள நபிமொழியில் இறைவன், நோயுற்ற தன் அடியானைக் காணச் சென்றிருந்தால் அவனிடத்தில் தன்னைக் கண்டிருக்கலாம் என்று மனிதனிடம் கூறுகிறான். திருமந்திரம், கோயிலில் உள்ள இறைவனுக்குப் படைப்பது நடமாடும் கோயிலாகிய அடியாருக்குச் சேராது, அடியாருக்குக் கொடுப்பதோ இறைவனையும் சேரும் என்று வாதிடுகிறது. விநயத்தில் புத்தர், தமக்குப் பணிவிடை செய்ய விரும்புவோர் நோயுற்றவருக்குச் செய்யட்டும் என்கிறார். நான்கும் ஒன்றே என்று சமரசம் பேசுவோர் சொல்லிவிடுவது எளிது; நான்கும் ஒன்றல்ல. மத்தேயுவில் நோயாளியும் கிறிஸ்துவும் ஒன்றாகின்றனர். நபிமொழியில் இறைவன் நோயாளியின் அருகே இருக்கிறான், நோயாளி நோயாளியாகவே இருக்கிறார். திருமந்திரம் கொடை சென்றுசேரும் வழியைப் பற்றியது. புத்தரோ தம்மை நோக்கி வரும் பக்தியைத் திருப்பி நோயாளியின் பக்கம் அனுப்பிவிட்டு விலகிக்கொள்கிறார்.

நோயாளியில் கிறிஸ்துவைக் காணும் நெறிக்கு வரலாற்றில் பெரும் சான்று கமில்லுஸ் தெ லெல்லிஸ் (1550–1614). காலில் ஆறாத புண்ணோடு ரோம் நகர மருத்துவமனையில் நோயாளியாகவும் பணியாளராகவும் இருந்து, அங்குக் கூலிப் பணியாளர்களின் புறக்கணிப்பைக் கண்ட அவர், நோயாளியை ஆண்டவராகவே கொண்டு பேணும் துறவியர் குழுவை நிறுவினார். ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என்ற வழக்கமான மூன்று வாக்குறுதிகளோடு, உயிருக்கு ஆபத்து நேரிடினும் நோயாளிகளுக்குத் தொண்டு செய்வது என்ற நான்காவது வாக்குறுதியையும் அவர்கள் ஏற்றனர். இந்நெறியின் வலிமை வெளிப்படையானது. வசைபாடும் நோயாளியிடத்தும், அடிக்கக் கை ஓங்கும் நினைவிழந்த முதியவரிடத்தும், நன்றியென்பதே அறியாதவரிடத்தும் அது தளர்வதில்லை. நோயாளி விரும்பத்தக்கவராக இருக்க வேண்டும் என்று அது எதிர்பார்ப்பதில்லை. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. நோயாளியில் வேறொருவரைக் காண்பவர் நோயாளியைக் காணத் தவறலாம். துன்பத்தைப் புனிதமாகக் கொள்பவர் அதைத் தணிக்கும் மருந்தை அவ்வளவு அவசரமாகத் தேடாமல் இருந்துவிடலாம். அன்னை தெரசா 1952இல் கல்கத்தாவின் காளிகாட்டில் தொடங்கிய இறப்போர் இல்லத்தைப் பார்வையிட்ட ‘லான்செட்’ மருத்துவ இதழின் ஆசிரியர் ராபின் ஃபாக்ஸ் 1994இல் அதுபற்றி எழுதியபோது, அங்கிருந்த தூய்மையையும் புண்களைப் பேணும் முறையையும் அன்பையும் பாராட்டினார். வலுவான வலிநீக்கி மருந்துகள் இல்லாததையும் நோயைத் தீர்மானிப்பதில் இருந்த ஒழுங்கின்மையையும் குறையாகச் சொன்னார். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடைச் சட்டத்துக்குப் பிறகு இந்தியாவில் பெரும்பாலான மருத்துவமனைகளுக்கே மார்ஃபின் கிடைப்பது அரிதாகிவிட்டிருந்தது என்பதையும் நியாயமாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதே கிறித்தவ நம்பிக்கையிலிருந்து புறப்பட்ட சிசிலி சாண்டர்ஸ், செவிலியாகவும் சமூகப் பணியாளராகவும் மருத்துவராகவும் பயின்றவர், 1967இல் லண்டனில் தொடங்கிய புனித கிறிஸ்டோபர் இல்லத்தில், நோயாளி வலியால் கேட்கும்வரை காத்திராமல் கடிகாரத்தைப் பார்த்து மார்ஃபின் கொடுக்கும் முறையை நிலைநாட்டினார். இறைநம்பிக்கை இரு இடங்களிலும் குறைவில்லாமல் இருந்தது. விநயத்தின் முதற்பண்பாகிய மருந்தறிவில்தான் வேறுபாடு.

நோயாளியைப் பிறருக்கான வழியாக்காமல் அவரையே இலக்காகக் கொள்வது எப்படி என்பதற்கு, சமயச் சார்பின்றி எழுதப்பட்ட ஒரு வரையறை கூடுதலாக உதவுகிறது. அமெரிக்கச் செவிலியரான வர்ஜீனியா ஹென்டர்சன், போதிய வலிமையும் விருப்பமும் அறிவும் இருந்தால் ஒருவர் தாமே செய்துகொள்ளக்கூடியவற்றை அவருக்குச் செய்ய உதவுவதும், கூடிய விரைவில் அவர் உதவியின்றி இருக்க வழிசெய்வதுமே செவிலியின் தனிப்பணி என்றார். சுவாசிப்பது, உண்பது, கழிவை வெளியேற்றுவது, உறங்குவது என்று தொடங்கும் பதினான்கு தேவைகளையும் வகுத்தார். இந்த வரையறையின்படி தேவைக்கு மேல் செய்வதும் தவறு. பக்கவாதத்தால் ஒரு கை தளர்ந்தவர் மறு கையால் கரண்டியைப் பிடித்துப் பாதிச் சோற்றைச் சட்டையில் சிந்திக்கொண்டு அரைமணி நேரம் உண்ணும்போது, ஐந்து நிமிடத்தில் ஊட்டிமுடித்துவிடலாம் என்று துடிக்கும் கையை அடக்கிக்கொள்வதே அங்குப் பணிவிடை. புண்ணியம் தேடும் மனத்துக்கு இது எட்டாது. செய்யாமல் இருப்பதற்குக் கணக்கில் எதுவும் ஏறுவதில்லை. துடைத்துவிடும்போது துடைக்கும் பகுதியை மட்டும் திறந்து மற்றதை மூடி வைப்பது, இன்று குளியல் வேண்டாம் என்று சொல்பவரிடம் முகத்தையும் அக்குளையும் மட்டும் துடைத்துவிட்டுச் செல்வது ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றினிடையே ஒரு சிறு ஏமாற்றும் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. மூச்சை எண்ணப்போவதாகச் சொன்னால் நோயாளியின் மூச்சு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே மார்பின் ஏற்ற இறக்கத்தை எண்ண வேண்டும் என்று கற்பிக்கிறார்கள். பொய்யாமையைப் பேரறமாகக் கொண்ட நூல்கள் இதற்கு என்ன சொல்லும் என்பது சுவையான விவாதம்.

ஹென்டர்சனின் பதினான்கில் தம் நம்பிக்கைப்படி வழிபடுவதும் ஒன்று. அது சுவாசத்தோடும் கழிவகற்றத்தோடும் ஒரே வரிசையில் நிற்கிறது. இதனால் சமயம் செய்பவரின் உந்துதலாக இருந்த நிலை மாறி நோயாளியின் தேவையாக ஆகிறது. செவிலியின் நம்பிக்கை எதுவாயினும் இங்கே கேள்வியில்லை. முகம் துடைத்துவிட்ட பிறகு அழிந்துபோன திருநீற்றை மீண்டும் இட்டுவிட நோயாளி விரும்புகிறாரா என்று கேட்பதும், நீர் படக் கூடாத காயமுள்ள இசுலாமியர் தொழுகைக்கு முன் தூய மண்ணால் தயம்மும் செய்துகொள்ளலாம் என்றும் படுத்தபடியே தொழலாம் என்றும் அவருடைய சமயமே அனுமதித்திருப்பதை அறிந்து ஏற்பாடு செய்வதும் காய்ச்சல் பார்ப்பதைப் போன்ற வேலைகளே. விநயத்தின் ஐந்தாம் பண்பான அறவுரையோடு மட்டும் எச்சரிக்கை தேவை. வெறும் நம்பிக்கை வார்த்தைகளும் கேட்காத அறிவுரைகளும் நோயாளியை எவ்வளவு சோர்வடையச் செய்கின்றன என்பதற்கு நைட்டிங்கேல் ஓர் அத்தியாயத்தையே ஒதுக்கினார். ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்பவரிடம் நோயாளி தம் அச்சத்தைச் சொல்லத் துணிவதில்லை. நோயை உள்ளபடி மறைக்காமல் சொல்ல வேண்டும் என்பதை நோயாளியின் கடமையாக விநயமும் சரகரும் விதித்திருக்கின்றனர். சொல்ல இடங்கொடுக்காதவரிடம் அந்தக் கடமையை அவர் எப்படி நிறைவேற்றுவது?

மூன்றாம் பண்பு எஞ்சியிருக்கிறது. ஆதாயம் கருதாமல் கவனிக்க வேண்டும் என்ற அந்த விதி, செவிலியர் சம்பளம் கேட்கும்போதெல்லாம் ‘இது சேவை அல்லவா’ என்று வாயடைக்கும் வசதியான கருவியாகிவிட்டது. படுத்த படுக்கையாக உள்ள இருபது பேரை எட்டு மணி நேரப் பணியில் நான்கு முறை பக்கம் மாற்றினால் எண்பது முறை ஆகிறது. ஒவ்வொன்றுக்கும் இருவர் ஐந்து நிமிடம் செலவிட்டால் 480 நிமிடத்தில் 400 நிமிடம் அதற்கே போய்விடும். இந்தக் கணக்கை எந்தத் தியாக உணர்வாலும் மாற்ற முடியாது. ஆட்களை அமர்த்தியாக வேண்டும், அமர்த்தியவருக்குக் கொடுத்தாக வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையொட்டி 2016இல் மத்திய அரசு அமைத்த குழு, 200 படுக்கைகளுக்கு மேற்பட்ட தனியார் மருத்துவமனைகளில் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியமும், 50 படுக்கைகளுக்குக் குறைவான இடங்களில் குறைந்தது மாதம் 20,000 ரூபாயும் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரை பேசியது செவிலியரைப் பற்றி மட்டுமே, பெட்பேன் எடுக்கும் ஆயாவைப் பற்றி அன்று. செய்தவருக்கு உரியது என்ன என்ற கேள்விக்கு விநயத்திலும் இடமுண்டு. அங்கே நோயுற்ற பிக்குவின் நிகழ்ச்சி அமைந்திருப்பது கருணையைப் பற்றிய பகுதியில் அன்று. சீவரங்களைப் பற்றிய பகுதியில், அதாவது துறவியர் ஆடைகளுக்குரிய விதிகளின் நடுவில். அதற்கு அடுத்த விதி, இறந்த பிக்குவின் உடைமை யாருக்கு என்பது. உடைமைக்கு உரிமையாளர் சங்கமே. ஆனால் கவனித்தவர்கள் பேருதவி புரிந்தவர்கள் என்பதால் பாத்திரத்தையும் மூன்று ஆடைகளையும் அவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும் என்கிறார் புத்தர். ஆதாயம் கருதாதே என்று செய்பவரிடம் சொன்ன அதே நூல், செய்தவருக்குக் கொடு என்று நிறுவனத்திடம் சொல்கிறது. கவனித்தவர்களில் ஒருவர் முழுத் துறவு பெற்ற பிக்குவாகவும் மற்றவர் இன்னும் பயிற்சியில் உள்ள சாமணேரராகவும் இருந்தால் எப்படிப் பிரிப்பது என்ற ஐயமும் அங்கே எழுப்பப்படுகிறது. இருவருக்கும் சமபங்கு என்பது விடை.